பெயர் இருக்கிறது, பெண் எங்கே?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 'சூ' என்ற பெயரில் ஒரு மாவட்டம் இருக்கிறது. அதன் தலைமையூர் ஆரஞ்ச் சிட்டி. நெதர்லாந்தின் அரச குடும்பமான ஆரஞ்ச் வம்சத்தின் நினைவாக வைத்த பெயர் அது. 1870 வாக்கில் அங்கே வந்து குடியேறிய டச்சுக்காரர்களின் வழிவந்தவர்கள் இன்றும் ஆண்டுதோறும் துலிப் பூத் திருவிழா நடத்துகிறார்கள். மாவட்டத்தின் பெயர் மட்டும் சூ மக்களுடையது.

இப்படிப் பெயரளவில் அவர்கள் பல இடங்களில் இருக்கிறார்கள். அதே அயோவாவில் சூ சிட்டி. பக்கத்துத் தெற்கு டகோட்டாவில் சூ ஃபால்ஸ். 2020 கணக்கெடுப்பின்படி 1,92,517 பேர் வாழும் அந்த நகரம்தான் அம்மாநிலத்தில் மிகப் பெரியது. அதன் ஊடாக ஓடுவது பிக் சூ ஆறு. நெப்ராஸ்காவில் இன்னொரு சூ மாவட்டம். கனடாவின் ஒன்டாரியோவில் சூ லுக்அவுட். ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்தால் 'சியோக்ஸ்' என்று வரும். ஒலிப்பு 'சூ' தான்.

இந்தச் சொல் அவர்கள் தமக்கு வைத்துக்கொண்ட பெயர் அன்று. அண்டை மக்களான ஓஜிப்வாக்கள் அவர்களைக் குறிக்கச் சொன்ன சொல்லை, பிரெஞ்சு வணிகர்கள் தங்கள் மொழியின் பன்மை விகுதியை ஒட்டி 'நாதுவெசூ' என்று எழுதினார்கள். பிறகு சொல்லின் தலை உதிர்ந்து வால் மட்டும் நின்றது. மூலச்சொல்லுக்குச் 'சிறு பாம்புகள்' என்று நெடுங்காலம் பொருள் சொல்லிவந்தார்கள்; வேற்றுமொழி பேசுவோர் என்ற பொருளே பொருத்தம் என்பார் இன்றைய மொழியியலாளர் பலர். அவர்கள் தம்மைச் சொல்லிக்கொள்வது டகோட்டா, லகோட்டா என்று. வட்டார வழக்குக்கு ஏற்ப முதலெழுத்து மாறும். பொருள் நண்பர், நேசத்தால் இணைந்தவர். எல்லாருக்கும் பொதுவான பெயர் ஒசேட்டி ஷகோவின், ஏழு அவைகளின் நெருப்பு. தமிழில் நாம் புழங்கும் 'செவ்விந்தியர்' என்ற சொல்லும் வெளியிலிருந்து வந்த பெயர்தான். கொலம்பஸின் திசைப்பிழையும் ஐரோப்பியரின் தோல்நிறக் கணக்கும் சேர்ந்து உண்டான சொல் அது.

1889 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றம் 'மாபெரும் சூ ஒதுக்குநிலத்தை' ஆறு துண்டுகளாக உடைத்துச் சுமார் 90 லட்சம் ஏக்கரை வெள்ளையர் குடியேற்றத்துக்குத் திறந்துவிடச் சட்டம் இயற்றியது. (நம் ஊரில் ரிசர்வேஷன் என்றால் இடஒதுக்கீடு. அங்கே அது, ஒரு மக்களை எல்லை வகுத்து ஒதுக்கி வைத்த நிலம்.) அதே ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி அந்த நிலப்பகுதி இரண்டு மாநிலங்களாக அமெரிக்காவில் சேர்ந்தது. இரண்டுக்கும் வைத்த பெயர் டகோட்டா. நண்பர் என்று பொருள்படும் பெயர்.

நிலத்தை எடுத்துக்கொண்டு பெயரை வைத்துக்கொள்ளும் வழக்கம் குடியேற்ற வரலாறு முழுவதிலும் உண்டு. ஆனால் இந்த ஊர்ப்பெயர்களில் பெண்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று பார்த்தால், பொதுவான வரலாற்றுப் புத்தகம் சொல்லாத சிலவும் தெரியவரும்.

*

சூ ஃபால்ஸ் நகரம் இருக்கும் மாவட்டத்தின் பெயர் மினஹஹா. மினசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸ் நகரில் ஓர் அருவிக்கும் அதே பெயர். டகோட்டா மொழியில் 'மினி' என்றால் தண்ணீர். மினசோட்டாவிலும் மினியாபொலிஸிலும் இருப்பது அதே தண்ணீர்தான். மினியாபொலிஸ் என்பது அதனோடு கிரேக்கச் சொல்லான பொலிஸைச் சேர்த்து 1852இல் கட்டிய பெயர். மினஹஹா என்பதன் பொருள் அருவி. அவ்வளவே. அதில் பெண் யாருமில்லை.

அருவியைப் பெண்ணாக்கியது ஒரு கவிதை. ஸ்னெல்லிங் கோட்டையில் இருந்த ராணுவ அதிகாரி சேத் ஈஸ்ட்மனின் மனைவி மேரி ஈஸ்ட்மன் 1849இல் டகோட்டா மக்களின் வாழ்க்கை, கதைகள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்த அருவியின் பெயருக்குச் 'சிரிக்கும் தண்ணீர்' என்று அதில் பொருள் சொன்னார். அதைப் படித்த லாங்ஃபெலோ, 1855இல் வெளிவந்த 'ஹயவாதாவின் பாடல்' காவியத்தில் மினஹஹாவை ஒரு டகோட்டா அழகியாகப் படைத்தார். கடைசியில் பஞ்சத்திலும் காய்ச்சலிலும் அவளைச் சாகவிட்டார். அந்த அருவியை லாங்ஃபெலோ நேரில் பார்த்ததே இல்லை. காவியம் பெரும் புகழ் பெற்றது. அருவிக்குச் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள்.

இந்தக் கதையில் இன்னொரு பெண் இருக்கிறாள். மேரியை மணப்பதற்கு முன், 1830இல், சேத் ஈஸ்ட்மன் அதே கோட்டைக்கு இளம் அதிகாரியாக வந்தபோது ஒரு டகோட்டா பெண்ணை மணந்திருந்தார். மேக மனிதர் என்ற தலைவரின் மகள். அவள் பெயரைத் தமிழில் சொன்னால் 'புனிதமாய் நிற்பவள்'. அவர்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். இடமாற்ற ஆணை வந்ததும் ஈஸ்ட்மன் மனைவியையும் குழந்தையையும் விட்டுவிட்டுப் போனார். 1835இல் மேரியை மணந்தார். 1841இல் மேரியோடு அதே கோட்டைக்குத் தளபதியாகத் திரும்பி வந்தார். கற்பனை மினஹஹாவின் பெயரில் ஒரு மாவட்டமும் ஒரு அருவியும் இருக்கின்றன. விட்டுச்செல்லப்பட்டவளின் தந்தையுடைய ஊர் ஓர் ஏரிக்கரையில் இருந்தது. டகோட்டா மக்கள் அதைப் ப்டே மக்கா ஸ்கா, வெண்மண் ஏரி என்றார்கள். வரைபடத்தில் அதன் பெயர் கால்ஹூன் ஏரி. அடிமை முறையை நியாயப்படுத்திய அரசியல்வாதி ஜான் கால்ஹூனின் பெயர். 2018இல்தான் அந்தப் பெயரை நீக்கிப் பழைய பெயரைத் திரும்ப வைத்தார்கள். அதை எதிர்த்து வழக்கு நடந்தது. மாநில உச்ச நீதிமன்றம் 2020இல் மாற்றத்தை ஏற்றது.

காவியம் வெளிவந்து ஏழு ஆண்டுகளில், 1862இல், ஒப்பந்தப்படி தர வேண்டிய பணமும் உணவும் வராமல் பசியில் இருந்த மினசோட்டா டகோட்டாக்கள் போரில் இறங்கினார்கள். சில வாரங்களில் போர் முடிந்தது. டிசம்பர் 26ஆம் தேதி மன்காட்டோ நகரில் 38 டகோட்டா ஆண்களை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். அமெரிக்க வரலாற்றின் மிகப் பெரிய கூட்டுத் தூக்கு அது. மன்காட்டோவும் டகோட்டா சொல்தான். நீலமண் என்று பொருள். தூக்கிலிடப்பட்டவர்களைப் பற்றி வரலாற்று நூல்கள் எழுதியிருக்கின்றன. நவம்பரில் ஸ்னெல்லிங் கோட்டைக்கு நடத்திச் செல்லப்பட்ட சுமார் 1,600 பேரைப் பற்றிய பேச்சு அதைவிடக் குறைவு. அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். வழியில் ஓர் ஊரில் வெள்ளையர் கூட்டம் அவர்களைத் தாக்கியது. பால்குடிக் குழந்தையைத் தாயின் கையிலிருந்து பறித்துத் தரையில் மோதியவள் ஒரு வெள்ளைக்காரப் பெண் என்று உடன்சென்ற ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். கோட்டைக்குக் கீழே ஆற்றங்கரையில் வேலியடைத்த முகாமில் அந்தக் குளிர்காலத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் நோயில் இறந்தார்கள். அடுத்த ஆண்டு டகோட்டாக்களை மாநிலத்தை விட்டே வெளியேற்றச் சட்டம் வந்தது. எஞ்சியவர்களை நீராவிப் படகுகளில் ஏற்றிக் குரோ கிரீக் என்ற வறண்ட இடத்துக்கு அனுப்பினார்கள். அங்கேயும் பசி.

முகாமிலிருந்து மினஹஹா அருவி சில கிலோமீட்டர் தொலைவுதான். காவியத்து டகோட்டா பெண் பட்டினியால் சாவதைப் படித்து அழுத நாட்டில், உயிருள்ள டகோட்டா பெண்கள் அவள் பெயர் கொண்ட அருவிக்குப் பக்கத்தில் செத்துக்கொண்டிருந்தார்கள்.

*

மிசிசிப்பி கரையில் வினோனா என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கிருந்து ஆற்றோடு மேலே போனால் பெப்பின் ஏரி. அதன் கரையில் 'கன்னிப்பாறை'. விருப்பமில்லாத ஒருவனுக்குக் கட்டிவைக்கப் பார்த்ததால் வினோனா என்ற டகோட்டா பெண் இந்தப் பாறையிலிருந்து குதித்து உயிர்விட்டாள் என்பது கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பயணிகள் ஆளுக்கொரு விதமாக அதை எழுதினார்கள். மார்க் ட்வைன் மட்டும் 1883இல் எழுதிய மிசிசிப்பி நூலில் அதைக் கிண்டல் செய்தார். அவர் நூலில் வரும் வினோனா குதித்து, கீழே நின்ற பெற்றோர் மீதே விழுகிறாள். அவர்கள் சாகிறார்கள், இவள் பிழைத்துக்கொள்கிறாள்.

டகோட்டா மொழியில் வினோனா தனியொருத்தியின் பெயரே அன்று. அது பிறப்பு வரிசைப் பெயர். தலைப்பிள்ளை பெண்ணானால் வினோனா, ஆணானால் சஸ்கே. அடுத்தடுத்த பிள்ளைகளுக்கும் பெண்ணுக்கும் ஆணுக்கும் தனித்தனியாக வரிசைப் பெயர்கள் உண்டு. எந்த டகோட்டா குடியிருப்பிலும் பல வினோனாக்கள் இருந்திருப்பார்கள். அம்மாவோடு தோல் பதப்படுத்தியவர்கள், தம்பி தங்கையைச் சுமந்தவர்கள், குதிரை ஓட்டியவர்கள், கிழவியாகிப் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொன்னவர்கள். நம்மூர் மூத்தவள்களைப் போலத்தான். வரைபடத்துக்குப் பிடித்தது பாறையிலிருந்து குதித்த ஒருத்தியை மட்டும்.

பட்டினியில் சாகும் மினஹஹா, குதித்துச் சாகும் வினோனா. குடியேறியவர்களுக்கு இறந்த அழகி வசதியானவள். அவளுக்காக அழலாம், அவள் பெயரில் ஊர் கட்டலாம், அவள் நிலத்துக்கு உரிமை கேட்டு வரமாட்டாள்.

உயிரோடிருந்த பெண்ணுக்கு வைத்த பெயர் வேறு. 'ஸ்குவா' என்பது கிழக்குக் கரையின் அல்கான்கியன் மொழிகளில் பெண்ணைக் குறித்த சாதாரணச் சொல். ஆங்கிலத்தின் வாயில் அது எல்லாப் பூர்வகுடிப் பெண்களையும் இழிவுபடுத்தும் வசையானது. மலை, ஓடை, பள்ளத்தாக்கு என்று நூற்றுக்கணக்கான இடங்களுக்கு அந்த வசை பெயராக ஒட்டியது. அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பூர்வகுடியினரான டெப் ஹாலண்ட் 2021 நவம்பரில் அது இழிசொல் என்று ஆணையிட்டார். 2022இல் ஏறத்தாழ 650 இடங்களின் பெயர் மாறியது.

தெற்கு டகோட்டாவின் மிக உயரமான சிகரத்தின் பெயர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஹார்னி சிகரம். ஜெனரல் வில்லியம் ஹார்னியின் படை 1855 செப்டம்பரில் நெப்ராஸ்காவின் புளூ வாட்டர் ஓடையருகே லகோட்டா குடியிருப்பைத் தாக்கி 86 பேரைக் கொன்றது. பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். லகோட்டாக்கள் அவரைப் 'பெண்கொல்லி' என்றார்கள். தங்களுக்குப் புனிதமான கருங்குன்றுகளின் உச்சிக்கு அவர் பெயர் இருப்பதை 2016 வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று அது பிளாக் எல்க் சிகரம். ஒரு லகோட்டா ஞானியின் பெயர்.

*

ஊர்ப்பெயர்களைப் போலவே ஆவணங்களும் பெண்களை நடத்தின. 1868ஆம் ஆண்டின் லாரமி கோட்டை ஒப்பந்தம், வளர்ந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் கையொப்பமிட்டால்தான் ஒதுக்குநிலத்தில் எந்தப் பகுதியையும் விட்டுக்கொடுக்க முடியும் என்று சொல்கிறது. நிலத்தைக் காக்க வைத்த விதிதான். அந்த விதியிலேயே பெண்ணின் கையொப்பத்துக்கு இடமில்லை. 1877இல் கருங்குன்றுகளைப் பறித்தபோது அரசு இந்த விதியையும் மீறியது. 1889இல் ஜெனரல் குரூக் தலைமையில் வந்த குழு ஒதுக்குநிலங்களைச் சுற்றிச் சுற்றி ஆண்களிடம் கையொப்பம் திரட்டியது.

இத்தனைக்கும் லகோட்டா வழக்கத்தில் வீடு பெண்ணுடையது. கூடாரத்தைத் தைத்தவளும் நட்டவளும் பிரித்துச் சுமந்தவளும் அவளே; உரிமையாளரும் அவளே. ஒத்துவராத கணவனின் பொருள்களை அவள் கூடாரத்துக்கு வெளியே எடுத்து வைத்தால் மணம் முறிந்தது. பொதுநிலத்தைத் தனிப்பட்டாவாகப் பிரிக்க 1887இல் வந்த டாஸ் சட்டமோ குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர், 18 வயது கடந்த தனியருக்கு 80 ஏக்கர் என்றது. மணமான பெண்ணுக்குத் தனிப் பங்கு கிடையாது. 1891இல்தான் அது திருத்தப்பட்டது.

பட்டா என்றால் வாரிசு வேண்டும். வாரிசு என்றால் தந்தைவழிக் குடும்பப்பெயர் வேண்டும் என்றது அரசு. லகோட்டா பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் 'வின்' என்று முடியும். பெண் என்று பொருள். ஒரே வீட்டில் ஆளுக்கொரு பெயர் இருக்கும். கணவனின் பெயரைச் சுமக்கும் வழக்கம் இல்லை. 1903 முதல் சில ஆண்டுகள் சூ மக்களின் பதிவேடுகளில் குடும்பப்பெயர்களை ஒழுங்குசெய்யும் வேலையை அரசு ஒரு டகோட்டா மருத்துவரிடமே கொடுத்தது. அவர் சார்லஸ் ஈஸ்ட்மன். ஈஸ்ட்மன் விட்டுச்சென்ற 'புனிதமாய் நிற்பவளின்' மகள் வயிற்றுப் பேரன். பாட்டியைக் கைவிட்டவரின் குடும்பப்பெயர்தான் பேரனுக்கு நின்றது. தெளிவான பெயர் இருந்தால்தான் தன் மக்களின் நிலம் தப்பும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் பெண்ணின் பெயர் இரண்டாமிடத்துக்குப் போனது.

இந்தப் பெயர் மாற்றத்துக்கு எதிராகத் தனக்குத்தானே பெயர் வைத்துக்கொண்டவர் ஸிட்கலா-ஷா. 1876இல் யாங்டன் ஒதுக்குநிலத்தில் பிறந்தார். ஆவணப் பெயர் கெர்ட்ரூட் சிம்மன்ஸ். எட்டு வயதில் இண்டியானாவில் இருந்த மிஷன் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். அவர் வழக்கத்தில் துக்கத்தில் இருப்பவர்களும் கோழைகளுமே முடியைக் கத்தரிப்பார்கள். பள்ளியில் அவரை நாற்காலியோடு கட்டி வைத்துப் பின்னலை வெட்டினார்கள். பிறகு 'சிவப்புப் பறவை' என்று பொருள்படும் லகோட்டா பெயரைத் தானே தேர்ந்துகொண்டு, 1900இல் அட்லாண்டிக் இதழில் இதையெல்லாம் எழுதினார். 1926இல் அமெரிக்கப் பூர்வகுடிகளின் தேசியப் பேரவையை உருவாக்கினார். 1938இல் இறந்தபோது, ராணுவ கேப்டனின் மனைவி என்ற முறையில் ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில் இடம் கிடைத்தது. வெள்ளிக் கோளின் பள்ளங்களுக்குப் பெண்களின் பெயரை மட்டுமே வைக்க வேண்டும் என்பது சர்வதேச வானியல் ஒன்றியத்தின் விதி. அங்கே ஒரு பள்ளத்துக்கு அவர் நினைவாகப் பெயர் வைத்தார்கள். என்ன பெயர்? போனின். கணவரின் குடும்பப்பெயர். 2024இல் வெளிவந்த அமெரிக்க கால் டாலர் நாணயத்தில்தான் ஸிட்கலா-ஷா என்ற பெயர் பொறிக்கப்பட்டது.

அவருக்கு இளையவர் எலா டெலோரியா. 1889இல், டகோட்டா நிலம் துண்டான ஆண்டில், பனிப்புயல் நாளில் பிறந்தார். அவருக்கு வைத்த டகோட்டா பெயரின் பொருள் 'அழகிய நாளின் பெண்'. மானுடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸுடன் பணியாற்றி 1932இல் டகோட்டா கதைகளைத் தொகுத்தார். 1941இல் டகோட்டா இலக்கணம் இருவர் பெயரிலும் வந்தது. முதியவர்களிடம் கேள்வித்தாளோடு போய் நிற்க முடியாது. உணவும் பரிசும் கொண்டுபோய், உறவுமுறை சொல்லி அழைத்து, உறவினளாக உட்கார்ந்தால்தான் பேசுவார்கள் என்று அவர் போவாஸுக்கு விளக்க வேண்டியிருந்தது.

அந்த உறவுமுறை தமிழ் வாசகிகளுக்கு அந்நியமாக இருக்காது. டகோட்டாவில் அம்மாவின் சகோதரிகளும் அம்மாக்கள். அப்பாவின் சகோதரர்களும் அப்பாக்கள். மாமாவும் அத்தையும் வேறு. அமெரிக்கப் பூர்வகுடிகளின் உறவுமுறைக்கும் தமிழ் உறவுமுறைக்கும் உள்ள இந்த ஒற்றுமையை லூயி ஹென்றி மார்கன் 1871இல் விரிவாக எழுதி, அதிலிருந்து பூர்வகுடிகள் ஆசியாவிலிருந்து வந்தார்கள் என்று நிறுவப் பார்த்தார். ஒற்றுமை உண்மை, அவர் போட்ட முடிச்சு நிற்கவில்லை. மார்கனுக்கு அட்டவணையாகத் தெரிந்ததை டெலோரியா வாழ்க்கையாக எழுதினார். ஒரு டகோட்டா பெண்ணின் பிறப்பு முதல் தாய்மை வரை செல்லும் 'வாட்டர்லிலி' நாவலை 1940களில் எழுதினார். பதிப்பாளர் கிடைக்கவில்லை. 1971இல் அவர் இறந்தார். நாவல் 1988இல் வந்தது. அதில் வரும் பெண்கள் யாரும் பாறையிலிருந்து குதிப்பதில்லை. யாரை என்ன முறை சொல்லி அழைப்பது, யாருக்கு எப்படிச் சோறிடுவது என்ற கவலையோடு நாள் முழுக்க உழைக்கிறார்கள்.

*

அயோவாவின் சூ மாவட்டத்தில் தொடங்கினோம். வடக்கு டகோட்டாவிலும் ஒரு சூ மாவட்டம் உண்டு. அது முழுவதும் ஸ்டாண்டிங் ராக் ஒதுக்குநிலத்துக்குள் இருக்கிறது. பெயரும் மக்களும் சேர்ந்திருக்கும் இடம். 'நிற்கும் கல்' என்ற அந்தப் பெயரும் ஒரு பெண்ணுடையதுதான். கணவன் இன்னொருத்தியை மணந்ததால் மனம் நொந்து, குடியிருப்பு இடம்பெயர்ந்தபோது எழ மறுத்து, முதுகில் குழந்தையோடு கல்லானாள் என்பது அம்மக்களின் கதை. அந்தக் கல் ஃபோர்ட் யேட்ஸ் ஊரில் இன்றும் இருக்கிறது.

அங்கே மிசௌரியில் கலக்கும் ஆற்றுக்கு வரைபடத்தில் கேனன்பால், பீரங்கிக் குண்டு என்று பெயர். ஆற்றுச் சுழல் உருட்டித் தந்த உருண்டைக் கற்கள் வெள்ளையருக்குப் பீரங்கிக் குண்டாகத் தெரிந்தன. லகோட்டா பெயரின் பொருள் 'புனிதக் கற்களை உண்டாக்கும் ஆறு'. 1950களில் ஓஹே அணைக்காக ராணுவப் பொறியாளர்கள் கழிமுகத்தைத் தோண்டியபோது சுழல் நின்றது. கற்கள் உருள்வதும் நின்றது. இதை உலகுக்குச் சொன்னவர் அந்த மண்ணின் வரலாற்றாளர் லடோனா பிரேவ் புல் அலார்ட். 1863இல் ராணுவம் நடத்திய ஒயிட்ஸ்டோன் குன்றுப் படுகொலையில் ஒன்பது வயதில் குண்டடிபட்டுப் பிழைத்த சிறுமியின் கொள்ளுப்பேத்தியின் மகள். 'டகோட்டா அக்சஸ்' என்ற எண்ணெய்க் குழாய் அந்த வழியாக வந்தபோது, 2016 ஏப்ரலில் தன் குடும்ப நிலத்தில் அவர் தொடங்கிய முகாமுக்குப் புனிதக் கல் முகாம் என்று பெயரிட்டார். ஆயிரக்கணக்கானோர் வந்து சேர்ந்தார்கள். 2017இல் குழாயில் எண்ணெய் ஓடத் தொடங்கியது. அலார்ட் 2021இல் இறந்தார்.

பெயரை மாற்றினால் நிலம் திரும்பிவிடாது என்பது அவர்களுக்குத் தெரியும். கருங்குன்றுகளைப் பறித்தது சட்டவிரோதம் என்று 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்று, பத்துக் கோடி டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. நிலம்தான் வேண்டும் என்று சொல்லி அதை அவர்கள் தொடவில்லை. வட்டியோடு அது இன்று நூறு கோடி டாலரைத் தாண்டி நிற்கிறது. அந்த வழக்கை அவர்கள் நடத்தியதும் 'சூ தேசம்' என்ற, பிறர் வைத்த பெயரில்தான். ஒப்பந்தத்தில் இருப்பது அந்தப் பெயர் என்பதால் அதை விட்டுவிட முடியாது.

எனவே வரைபடத்தில் ஒரு பெண்ணின் பெயரைப் பார்க்கும்போது அது பெருமையா இழிவா என்று மட்டும் கேட்டால் போதாது. அந்தப் பெயரை வைத்தது யார், அவள் உயிரோடிருந்த காலத்தில் அந்த மண்ணில் அவள் கையொப்பம் செல்லுபடியானதா, அவள் பேத்திகள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். மினஹஹாவுக்கும் வினோனாவுக்கும் பேத்திகள் கிடையாது. புனிதமாய் நிற்பவளுக்கும் ஒயிட்ஸ்டோனில் பிழைத்த சிறுமிக்கும் உண்டு. அவர்கள் எழுதியிருக்கிறார்கள்.